எல்லை தாண்டிப் போகும் நிவாரணம்: பேரிடர் உதவிச் சட்டத்துக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். அடுத்த சில நாள்களில் உலகின் பல பகுதிகளிலிருந்து விமானங்கள் காத்மாண்டுவை நோக்கிக் கிளம்பின. அந்த நகரத்தின் திரிபுவன் விமான நிலையத்துக்கு இருந்தது ஒரே ஓடுபாதை. கனத்த விமானங்கள் அடுத்தடுத்து இறங்கியதில் அதில் விரிசல் கண்டதால், 196 டன்னுக்கு மேற்பட்ட விமானங்கள் இறங்கக் கூடாது என்று மே மாதத் தொடக்கத்தில் உத்தரவு வந்தது. இறங்கிய சரக்கும் உடனே மலைக் கிராமங்களுக்குப் போய்விடவில்லை. சுங்கச் சோதனையில் மூட்டைகள் தேங்கின, முதலில் வரி விலக்குக் கிடைத்தது தார்ப்பாய்க்கும் கூடாரத்துக்கும் மட்டுந்தான், ஐ.நா. அதிகாரிகள் வெளிப்படையாகவே முறையிட்டார்கள். ஓடுபாதையின் விரிசல் பொறியாளர்களின் கவலை. மூட்டைகள் ஏன் தேங்கின என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

இத்துறைக்குப் புதிதாக வருபவர் தொண்டு நிறுவன ஊழியராக இருந்தாலும், சட்ட மாணவராக இருந்தாலும், செய்தியாளராக இருந்தாலும், முதலில் கேட்பது ‘இதற்கான சட்டம் எது’ என்பதுதான். போருக்கு 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் இருப்பதுபோல, பேரிடருக்கும் உலகம் முழுவதையும் கட்டுப்படுத்தும் ஓர் உடன்படிக்கை இருக்கும் என்று அவர் எதிர்பார்ப்பது இயல்பே. அப்படி ஒன்று இன்றுவரை இல்லை. அதற்கான முயற்சி மட்டும் பழையது. 1908இல் இத்தாலியின் மெஸ்ஸினா நகரத்தை அழித்த நிலநடுக்கத்தை மனத்தில் கொண்டு, அந்நாட்டுச் செனட்டர் ஜொவான்னி சிராவோலோ முன்வைத்த யோசனையின் பேரில், 1927இல் சர்வதேச நிவாரண ஒன்றியம் என்ற அமைப்பை உருவாக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. அது 1932இல் நடைமுறைக்கு வந்தும், போதிய பணம் இல்லாமல் பெயரளவில் நீடித்து, 1960களின் இறுதியில் முடிந்துபோனது. இன்று நம் கையில் இருப்பவை துண்டு துண்டான உடன்படிக்கைகள், ஐ.நா. தீர்மானங்கள், கட்டாயமில்லாத வழிகாட்டு நெறிகள், இவற்றுக்கெல்லாம் கீழே அந்தந்த நாட்டின் உள்நாட்டுச் சட்டம். பெயர் சர்வதேசச் சட்டம் என்றாலும், சரக்கை விடுவிக்கும் கையெழுத்து உள்நாட்டு அதிகாரி ஒருவருடையது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கீழ்க்கண்ட படிகளைப் படியுங்கள்.

படி 1: எந்த வகைப் பேரிடர் என்று பிரித்தறியுங்கள்

வெள்ளம், புயல், நிலநடுக்கம் என்றால் இந்தக் கட்டுரை பொருந்தும். ஆயுதப் போர் நடக்கும் இடமென்றால் ஜெனீவா உடன்படிக்கைகளுக்குப் போக வேண்டும். அணு உலை விபத்தென்றால், செர்னோபிலுக்குப் பிறகு 1986இல் உருவான இரண்டு உடன்படிக்கைகள் உள்ளன, ஒன்று விரைந்து தகவல் தெரிவிப்பதற்கு, மற்றொன்று உதவிக்கு. போர் நடக்கும் நாட்டிலேயே நிலநடுக்கமும் வந்தால் இரண்டு சட்டங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்; 2023 பிப்ரவரியில் சிரியாவில் அதுதான் நேர்ந்தது.

படி 2: இசைவு கிடைத்ததா என்று பாருங்கள்

மற்ற எல்லாப் படிகளும் இதன் மீதுதான் நிற்கின்றன. 1991 டிசம்பர் 19 அன்று ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய 46/182ஆம் தீர்மானம், மனிதநேய உதவி பாதிக்கப்பட்ட நாட்டின் இசைவுடன் வழங்கப்பட வேண்டும் என்றும், கொள்கையளவில் அந்த நாடு விடுக்கும் வேண்டுகோளின் அடிப்படையில் அமைய வேண்டும் என்றும் சொல்கிறது. ‘கொள்கையளவில்’ என்ற அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். வேண்டுகோள் விடுக்காத நாடும், யாராவது தாமாக முன்வந்தால் ‘சரி, வாருங்கள்’ என்று சொல்லலாம் என்பதற்கு இடம் வைத்து எழுதப்பட்ட சொல் அது. பேசிப் பேசித் திருத்தி எழுதப்பட்ட இத்தகைய ஆவணங்களில் தேவையில்லாத சொல் அரிது என்பது என் அனுபவம்.

இசைவு இல்லையென்றால் என்ன ஆகும்? 2008 மே மாதம் நர்கிஸ் புயல் மியான்மரின் ஐராவதி ஆற்றுப் படுகையைத் தாக்கி, ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தோ காணாமலோ போனபோது, அந்நாட்டு இராணுவ அரசு வெளிநாட்டு நிவாரணப் பணியாளர்களுக்கு விசா கொடுக்காமல் நாள்களைக் கடத்தியது. அமெரிக்க, பிரெஞ்சுக் கடற்படைக் கப்பல்கள் கரைக்கு அப்பால் காத்து நின்றன. பிரான்சின் வெளியுறவு அமைச்சர் பெர்னார் குஷ்னேர், மக்களைக் காக்கும் பொறுப்பு என்ற கோட்பாட்டைக் காட்டி, இசைவு இல்லாமலேயே உதவியை உள்ளே கொண்டுபோகப் பாதுகாப்புச் சபை வழிசெய்ய வேண்டும் என்றார். அந்தக் கோட்பாடு இனப்படுகொலை, போர்க்குற்றம் போன்றவற்றுக்காக வகுக்கப்பட்டது, புயலுக்கு அல்ல என்று பல நாடுகள் மறுத்தன. கடைசியில் வழி திறந்தது அழுத்தத்தால் மட்டுமல்ல. ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி-மூன் நேரில் போய்ப் பேசினார். தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் நடுவில் நின்று, மியான்மர் அரசு, ஆசியான், ஐ.நா. ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரு குழுவை அமைத்தது. அண்டை நாட்டவர் முகம் காட்டியதால் இராணுவ அரசுக்கு இறங்கி வருவது எளிதாயிற்று. அதற்குள் மூன்று வாரம் கடந்துவிட்டது.

சிரியாவிலும் இதே பாடத்தைக் காணலாம். துருக்கியிலிருந்து வடமேற்கு சிரியாவுக்குள் ஐ.நா. உதவி போக, நிலநடுக்கத்தின்போது பாதுகாப்புச் சபையின் அனுமதி பெற்றிருந்தது பாப் அல்-ஹவா என்ற ஒரே எல்லைவாயில். மேலும் இரண்டு வாயில்களைத் திறக்க சிரிய அரசு இசைந்தது ஒரு வாரம் கழித்துத்தான். இடிபாட்டுக்குள் உயிரோடு இருப்பவரைத் தேடும் பணிக்கு ஒரு வாரம் என்பது மிகவும் தாமதம்.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் 2016இல் 18 வரைவுக் கூறுகளை முடித்துக் கொடுத்தது. கொலம்பியாவின் எதுவார்தோ வலென்சியா-ஒஸ்பினா அதன் சிறப்பு அறிக்கையாளராக இருந்தார். புதியவர்கள் இதில் மூன்று கூறுகளையாவது மூலத்திலேயே படிக்க வேண்டும். 10ஆம் கூறு, நிவாரணத்தை வழிநடத்தும் முதன்மைப் பங்கும் மக்களைக் காக்கும் கடமையும் பாதிக்கப்பட்ட நாட்டுக்கே என்கிறது. 11ஆம் கூறு, பேரிடர் தன் சக்திக்கு வெளிப்படையாக மீறியதென்றால் வெளி உதவியை நாட வேண்டியது அந்நாட்டின் கடமை என்கிறது. 13ஆம் கூறு, உதவிக்கு இசைவு தேவை என்று உறுதிசெய்துவிட்டு, அந்த இசைவைக் காரணமின்றி மறுக்கக் கூடாது என்றும் சேர்க்கிறது. இவை இன்னும் வரைவுதான். இவற்றின் அடிப்படையில் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஆவணம் ஒன்றை 2027 இறுதிக்குள் முடிக்க ஐ.நா. பொதுச்சபை 2024 டிசம்பரில் தீர்மானித்திருப்பதால், இத்துறையில் இப்போது நுழைபவர்கள் அந்தப் பேச்சுவார்த்தையைத் தொடர்ந்து கவனிப்பது நல்லது.

இங்கே இந்தியாவின் நடைமுறையையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் நம்மவர்கள் பெரிதும் குழம்புவது இதில்தான். 2004 சுனாமியில் தமிழ்நாட்டுக் கடற்கரையும் அந்தமானும் அடிபட்டிருந்தும், இந்தியா வெளிநாட்டு அரசுகளின் அவசர உதவியை ஏற்கவில்லை. அதே வேளையில் தன் கடற்படைக் கப்பல்களை இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் அனுப்பியது. வேண்டுகோள் விடுக்காமல் இருப்பது அதன் கொள்கை. ஆனால் 2016இல் வெளியான தேசியப் பேரிடர் மேலாண்மைத் திட்டம், வேறொரு நாட்டு அரசு நல்லெண்ணமாகத் தானே முன்வந்தால் மத்திய அரசு ஏற்கலாம் என்கிறது. 2018 கேரள வெள்ளத்தின்போது வெளிநாட்டு அரசின் உதவியை ஏற்பதா என்று எழுந்த சர்ச்சை முழுவதும் அந்த ‘ஏற்கலாம்’ என்ற சொல்லைச் சுற்றித்தான் நடந்தது. ஏற்க வேண்டும் என்று அங்கே எழுதப்பட்டிருக்கவில்லை.

படி 3: எந்த ஆவணம் யாரைக் கட்டுப்படுத்துகிறது என்று அட்டவணை போடுங்கள்

ஒரு தாளில் இரண்டு நாடுகளின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்: உதவி புறப்படும் நாடு, போய்ச் சேரும் நாடு. இரண்டுக்கும் இடையே இருதரப்பு ஒப்பந்தம் உண்டா? இரண்டும் ஒரே வட்டார அமைப்பில் உள்ளனவா? தென்கிழக்காசியாவுக்கு 2005இல் கையெழுத்தாகி 2009 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஆசியான் பேரிடர் ஒப்பந்தம் இருக்கிறது. அதற்கென ஜகார்த்தாவில் ஒரு மையமும் இயங்குகிறது. இவ்வகையில் உலகிலேயே வலுவானது அதுதான் என்பது என் கருத்து. தெற்காசியாவுக்கு 2011இல் கையெழுத்தான சார்க் விரைவு உதவி ஒப்பந்தம் உண்டு. தாளில் நன்றாகவே இருக்கிறது.

அடுத்து, 2007 நவம்பரில் ஜெனீவாவில் நடந்த செஞ்சிலுவை, செம்பிறை சர்வதேச மாநாட்டில் ஏற்கப்பட்ட, பேரிடர் உதவி பற்றிய வழிகாட்டு நெறிகளை எடுங்கள். இவை யாரையும் கட்டுப்படுத்தாது. ஆயினும் ஒரு நாடு தன் பேரிடர்ச் சட்டத்தைத் திருத்தும்போது மேசையில் விரித்து வைத்துக்கொள்வது இவற்றைத்தான் என்பதால், புதியவர் முதலில் முழுமையாகப் படிக்க வேண்டிய ஆவணமும் இதுவே. இதன் அடிப்படைப் பேரம் எளிது: உதவ வருபவர் உள்ளூர்ச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, பாகுபாடு காட்டாமல், தரத்தோடு வேலை செய்ய வேண்டும், அதற்கு ஈடாக அரசு அவருக்கு விசா, சுங்கம், வரி, வங்கிக் கணக்கு ஆகியவற்றில் சலுகை தர வேண்டும். தகுதி காட்டாதவருக்குச் சலுகை கிடையாது.

கடைசியாக, போய்ச் சேரும் நாட்டின் சுங்கச் சட்டம், குடிவரவுச் சட்டம், பேரிடர்ச் சட்டம் மூன்றையும் சேருங்கள். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டங்கள் உள்ளன, நேபாளத்துக்கு 2017ஆம் ஆண்டின் சட்டம் உள்ளது.

படி 4: ஆட்கள் போகும் முன்

ஆர்வத்தோடு விமானம் ஏறிவிடும் தன்னார்வலர்தான் களத்தில் இருப்பவர்களுக்குப் பெரிய தலைவலி. அவருக்கும் தண்ணீரும் படுக்கையும் வேண்டும். அவை பாதிக்கப்பட்டவரிடமிருந்துதான் எடுக்கப்படும். ஆகவே இடிபாட்டு மீட்புக் குழுவாக இருந்தால், 1991இல் தொடங்கிய இன்சராக் என்ற ஐ.நா. வலைப்பின்னலின் தரச்சான்று உங்கள் குழுவுக்கு உண்டா என்று பாருங்கள். நடுத்தரக் குழு ஓரிடத்தில் ஏழு நாள் இரவுபகலாக வேலை செய்யவும், கனரகக் குழு ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் பத்து நாள் வேலை செய்யவும் இயல வேண்டும் என்பது அதன் அளவுகோல். மருத்துவக் குழுவாக இருந்தால், ஹைட்டியில் 2010 நிலநடுக்கத்தின்போது நடந்த குளறுபடிகளைப் பார்த்த பிறகு உலகச் சுகாதார அமைப்பு வகுத்த மூன்று தரங்களில் நீங்கள் எதில் வருகிறீர்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். வெளிநோயாளிகளைப் பார்ப்பது முதல் தரம், அறுவைச் சிகிச்சை செய்து உள்நோயாளிகளை வைத்துப் பார்ப்பது இரண்டாம் தரம், உயர்சிகிச்சை மூன்றாம் தரம். மருத்துவரின் பட்டச் சான்றும் பதிவுச் சான்றும் நகலாகக் கையில் இருக்கட்டும்.

மோப்ப நாய்களை மறந்துவிடாதீர்கள். 1995இல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்துக்கு வந்த சுவிட்சர்லாந்து மோப்ப நாய்களுக்குத் தனிமைக் காப்பு விதியைக் காட்டித் தடங்கல் வந்தது. தடுப்பூசிச் சான்று நாயின் கழுத்துப்பட்டையோடு சேர்ந்தே பயணம் செய்ய வேண்டும்.

படி 5: பொருள்களும் சுங்கமும்

பெரும்பாலான நல்லெண்ணம் வீணாகும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், கேட்கப்பட்டதைத்தான் அனுப்புகிறீர்களா என்று பாருங்கள். காத்மாண்டுவுக்கு டின்னில் அடைத்த சூரை மீனும் மயோனைஸும் வந்திறங்கியபோது, எங்களுக்குத் தேவை தானியமும் உப்பும் சர்க்கரையும்தான் என்று நேபாள நிதியமைச்சர் வெளிப்படையாகவே அலுத்துக்கொண்டார். சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சேவுக்கு வந்த மருந்து ஏறத்தாழ 4,000 டன். அங்கிருந்த மக்கள்தொகைக்கு அது தேவைக்கு மிக அதிகம்; பெரும்பகுதி உள்ளூர் மருத்துவர்களுக்குப் புரியாத மொழிகளில் பெயரிடப்பட்டிருந்தது; நூற்றுக்கணக்கான டன் மருந்தை அழிக்கவே தனியாகச் செலவழிக்க வேண்டியிருந்தது. உலகச் சுகாதார அமைப்பின் மருந்து நன்கொடை நெறிகள், வந்து சேரும் நாளில் மருந்துக்குக் குறைந்தது ஓராண்டாவது காலாவதிக் கெடு மிச்சம் இருக்க வேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

இரண்டாவது, போய்ச் சேரும் நாட்டின் உணவு, கால்நடை விதிகள் பேரிடருக்காகத் தளர்வதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2005இல் கத்ரீனா சூறாவளிக்குப் பிறகு பிரிட்டன் அனுப்பிய இராணுவ உணவுப் பொட்டலங்கள், மாட்டிறைச்சி தொடர்பான அமெரிக்க விதிகளால் விநியோகிக்கப்படாமல் ஆர்கன்சாவில் ஒரு கிடங்கில் கிடந்தன. கொடுப்பதற்கே பழகிய நாடு, வாங்குவதற்கான ஏற்பாடு எதுவும் தன்னிடம் இல்லை என்பதை அன்றுதான் கண்டது.

மூன்றாவது, தாள்கள். சரக்குப் பட்டியலில் ‘பலவகைத் துணிகள், 40 மூட்டை’ என்று எழுதி அனுப்பிய பட்டியல்களை நான் பார்த்திருக்கிறேன். அதைப் படிக்கும் சுங்க அதிகாரியின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள்: உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிய, நாற்பதையும் அவிழ்க்க வேண்டும். அதையே ‘கம்பளிப் போர்வை, புதியது, 150க்கு 200 செ.மீ., மூட்டைக்கு 25, மொத்தம் 1,000, விற்பனைக்கன்று, நன்கொடை’ என்று எழுதினால் ஒரு மூட்டையை மட்டும் திறந்து பார்த்துவிட்டு முத்திரை குத்திவிடலாம். பெறுநர் என்ற இடத்தில் அந்நாட்டில் பதிவுபெற்ற அமைப்பின் பெயர் இருக்கட்டும். அந்த அமைப்பிடம் வரி விலக்குக் கடிதம் இருக்கிறதா என்று சரக்கு ஏற்றும் முன் தொலைபேசியிலாவது கேட்டு உறுதிசெய்யுங்கள். மருந்து, உணவு, கருவி மூன்றையும் ஒரே பெட்டகத்தில் கலந்து அடுக்காதீர்கள். மருந்துக்கு ஒரு துறையின் அனுமதி தேங்கினால், அதனோடு சேர்ந்து போர்வையும் தேங்கும்.

சுங்க நடைமுறைகளை எளிதாக்கும் கியோட்டோ உடன்படிக்கையின் திருத்தப்பட்ட வடிவத்தின் இணைப்பு ஒன்றில் நிவாரணச் சரக்குக்கென ஒரு தனி அத்தியாயம் உண்டு. ஆனால் அந்த இணைப்பை ஏற்பதா வேண்டாமா என்பது ஒவ்வொரு நாட்டின் விருப்பம். ‘உறுப்பு நாடுதானே’ என்று நம்பிவிடாமல், இணைப்பை ஏற்றதா என்று தனியாகப் பாருங்கள். 2013இல் ஹையான் புயலுக்குப் பிறகு பிலிப்பைன்ஸ் செய்தது இதைவிடப் பயனுள்ளதாக இருந்தது: சுங்கம் உள்ளிட்ட பல துறைகளின் அதிகாரிகளை ஒரே இடத்தில் உட்கார வைத்தது.

படி 6: செயற்கைக்கோள் தொலைபேசி

1998ஆம் ஆண்டின் தாம்பரே உடன்படிக்கை, பேரிடர் காலத்தில் தொலைத்தொடர்புக் கருவிகளைத் தடையின்றிக் கொண்டுவர வழிசெய்கிறது. அது நடைமுறைக்கு வந்தது 2005 ஜனவரி 8 அன்று, சுனாமி அடித்துப் பதின்மூன்றாம் நாள். இந்தியாவும் இலங்கையும் இதில் உறுப்பு நாடுகள். ஆயினும் அனுமதியில்லாமல் செயற்கைக்கோள் தொலைபேசியோடு இந்தியாவுக்குள் வந்த வெளிநாட்டுப் பயணிகள் கைதான செய்திகளை அடிக்கடி பார்க்கிறோம். உடன்படிக்கைச் சலுகை அரசு ஏற்ற உதவிக்குத்தான், தனிமனிதரின் பைக்கு அல்ல. கருவியின் வரிசை எண்ணோடு முன்கூட்டியே எழுதி அனுமதி பெறுங்கள்.

படி 7: இராணுவ விமானங்கள்

ஆஸ்லோ நெறிகள் என்று அழைக்கப்படும் 1994ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகள், வெளிநாட்டு இராணுவ வளங்களைக் குடிமை வளங்கள் போதாத நிலையில் கடைசி வழியாகவே பயன்படுத்தச் சொல்கின்றன. ஆசியாவில் நடப்பது நேர்மாறு. ஹெலிகாப்டரும் கப்பலும் இராணுவத்திடம்தான் இருக்கின்றன. அப்படியிருந்தும் இசைவு விதி மாறாது. நேபாளத்துக்காகப் பிரிட்டன் அனுப்பிய மூன்று சினூக் ஹெலிகாப்டர்கள் இந்தியா வரை வந்து காத்திருந்து, நேபாள அரசு வேண்டாம் என்றதால் திரும்பிப் போயின. இறக்கைக் காற்றில் வீடுகள் சேதமாகும் என்பது சொல்லப்பட்ட காரணம்.

படி 8: பணம்

பொருளைவிடப் பணம் நல்லது. அதற்கும் சட்டம் உண்டு. இந்தியாவிலுள்ள ஒரு தொண்டு நிறுவனத்துக்கு வெளிநாட்டுப் பணம் வர வேண்டுமானால், அது எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ பெற்றிருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் வந்து விழ வேண்டியது பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில். அதை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவருடைய அண்ணன் கனடாக் குடியுரிமை பெற்றவராக இருந்தால், அவர் அனுப்பும் அதே தொகை வெளிநாட்டு நன்கொடை. ஊர்ச் சங்கங்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்; நன்கொடை வாங்கும் முன் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்று கேட்பது அநாகரிகம் அல்ல.

படி 9: தவறு நேர்ந்தால்

உதவ வந்தவரால் தீங்கு விளைந்தால் யார் பொறுப்பு என்பதே இத்துறையின் மிக மெல்லிய பகுதி. ஹைட்டியில் 2010 அக்டோபரில், ஐ.நா. அமைதிப்படை முகாம் ஒன்றின் கழிவுநீர் ஆற்றில் கலந்து பரவிய காலராவில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் அமெரிக்க நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, 1946ஆம் ஆண்டின் உடன்படிக்கை ஐ.நா.வுக்குத் தரும் விலக்குரிமையைக் காட்டித் தள்ளுபடியானது. பான் கி-மூன் மன்னிப்புக் கேட்டது 2016 டிசம்பரில். அந்த விலக்குரிமை ஐ.நா.வுக்குரியது. உங்கள் நிறுவனத்துக்கு, தனி ஒப்பந்தம் இல்லாவிட்டால், அத்தகைய பாதுகாப்பு கிடையாது. மருத்துவக் குழு அனுப்புகிறீர்கள் என்றால் காப்பீட்டைப் பற்றிப் புறப்படும் முன் பேசுங்கள்.

படி 10: திரும்பி வரும்போது

ஜெனரேட்டர், நீர் சுத்திகரிப்புக் கருவி, ரேடியோ போன்றவை பெரும்பாலும் தற்காலிக இறக்குமதியாகத்தான் உள்ளே விடப்படுகின்றன. அவற்றைக் கெடு முடிவதற்குள் திரும்ப எடுத்துவர வேண்டும். அல்லது சுங்கத்துறைக்கு எழுதித் தெரிவித்து, உள்ளூர் மருத்துவமனைக்கோ செஞ்சிலுவைச் சங்கத்துக்கோ முறைப்படி கைமாற்ற வேண்டும். நல்ல மனத்தோடு ஒரு பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்த ஜெனரேட்டருக்கு, ஓராண்டு கழித்து வரிக்கான அறிவிப்பு அந்த நாட்டிலுள்ள உங்கள் பங்காளி அமைப்பின் பெயருக்கு வரக்கூடும். கைமாற்றுக் கடிதத்தில் கருவியின் வரிசை எண், பெற்றுக்கொண்டவரின் கையெழுத்து, முத்திரை, தேதி நான்கும் இருக்கட்டும். உள்ளே வந்தபோது கொடுத்த சுங்கத் தாளின் நகலோடு சேர்த்து அதைக் கோப்பில் வையுங்கள்.